மோகன்குமாரின் இருட்டுப் பெட்டி

வெண்ணந்தூர் பஸ் நிறுத்தத்தில் மோகன்குமாருக்கு வைத்திருந்த பேனர் பன்னிரண்டு அடி நீளம். அதில் அவருடைய வழுக்கையை யாரோ புண்ணியவான் கணினியில் முடி வைத்து மூடியிருந்தான். தலையைச் சுற்றிலும் மஞ்சள் நிறத்தில் இருபத்துநாலு ஒளிக்கதிர்கள். 'உயிருக்குள் ஒளி கண்ட விஞ்ஞானியே, வருக!' என்று கீழே எழுதியிருந்தது. அவர் எங்கேயும் போகவில்லை. தினமும் அதே நிறுத்தத்தில் இறங்கித்தான் வீட்டுக்கு நடந்தார். ஆனாலும் வருக.

பேனர் வைத்தவர் அவருடைய மனைவி கிருத்திகாவின் அண்ணன் தமிழரசு. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். முனைவர் பட்டம் இன்னும் வரவில்லை, கடைசி விளக்கக் கூட்டத்துக்குத் தேதிதான் குறித்திருக்கிறார்கள் என்று மோகன்குமார் கெஞ்சிப் பார்த்தார். தமிழரசு கேட்கவில்லை.

"பட்டம் வந்த பொறவு ஆரு வேணும்னாலும் வெப்பாங்க மாப்ள. முன்னாடியே வெக்கறதுலதான் கெத்து இருக்குது" என்றார்.

பேனரைப் பார்க்கக் கூச்சமாக இருப்பதாக மோகன்குமார் கல்லூரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். உண்மையில் பஸ் அதைத் தாண்டும்போது ஜன்னலோர இடம் கிடைக்க வேண்டும் என்று ராசிபுரத்திலேயே முண்டியடித்து ஏறுவார்.

அவர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். எந்த உயிரணுவும், நம் தோலில் இருப்பதோ ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டோ, சும்மா இருக்கும்போதே கொஞ்சம் வெளிச்சம் விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. மூச்சுவிடும் வேலையில் சிந்திச் சிதறுகிற வெளிச்சம் அது, விநாடிக்குக் கைவிரல்களில் எண்ணிவிடுகிற அளவு ஒளித்துகள்கள். பலமான மின்புலத்தை ஒரு கண நேரம் கொடுத்தால் உயிரணுவின் மேல்தோலில் நுண்ணிய துளைகள் விழும். அது திணறும். திணறினால் வெளிச்சம் கூடும். அந்தக் கூடுதலை எண்ணிவிட்டால், சாயம் ஏற்றாமல், குத்திப் பார்க்காமல், மின்சாரம் உயிரணுவை என்ன செய்தது என்று வெளியிலிருந்தே கண்காணிக்கலாம். கல்யாண வீடுகளில் மோகன்குமார் இதைப் பந்தியில் உட்கார்ந்தபடி விளக்குவார். எதிர் இலைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கரண்ட் அடிச்சா வெளிச்சம் வருமுங்களா? அது எங்களுக்கே தெரியுமுங்களே" என்பார்.

இவ்வளவு சன்னமான வெளிச்சத்தை எண்ண இருட்டு வேண்டும். சாதாரண இருட்டு போதாது, முழு இருட்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பெட்டி கேட்டதற்குக் கல்லூரி கைவிரித்துவிட்டது. மோகன்குமார் நேராக நாமக்கல் போனார். அங்கே செங்கோட்டையன் என்பவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். மழைத்தண்ணீர் புகாத கதவு செய்கிறவருக்கு வெளிச்சம் புகாத கதவு பெரிய காரியமா? லாரி கேபின் கதவின் ரப்பரை விளிம்பில் ஒட்டி, பின்கதவுக் கொண்டியைப் போட்டு, உள்ளும் புறமும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தார். அதற்குள் ஒளித்துகளை எண்ணும் கருவியைப் பொருத்தினார் மோகன்குமார்.

ஈஸ்ட் கலந்த சர்க்கரைத் தண்ணீரை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, பக்கவாட்டு இழுப்பறை வழியாக உள்ளே தள்ளுவார். விநாடிக்கு எட்டு என்று கருவி எண்ணும். பிறகு கருவியின் கண்ணை மூடிவிட்டு, பெட்டியின் மேல்மூடியைத் திறந்து, கிண்ணத்தின் இரண்டு தகடுகளிலும் கிளிப் மாட்டி, மூடியைச் சாத்தி, மின்சாரம் கொடுப்பார். பத்து நிமிஷம் கழித்துக் கருவியின் கண்ணைத் திறப்பார். விநாடிக்கு எட்டு. சில நாள் ஒன்பது. எப்போதாவது ஏழு வந்து மானத்தை வாங்கும். இப்படி ஆறு வருஷம் போயிற்று.

ஏழாவது வருஷம் பதினைந்து வந்தது. எட்டாவது வருஷம் முப்பது. ஒன்பதாவதில் அறுபது. மின்சாரம் கொடுத்ததும் குபுக்கென்று ஏறி, பிறகு அரை நாள் மெல்ல மெல்ல இறங்குகிற அழகான வளைகோடு. இது ஏன் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது என்று எந்தப் புத்தியுள்ளவனும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். மோகன்குமார் யோசித்தார். யோசித்து, 'ஆய்வாளரின் கைத்திறன் படிப்படியாக மேம்பட்டதே காரணம்' என்று நாலாம் அத்தியாயத்தில் எழுதினார். ஒரு சஞ்சிகையும் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. பேனருக்குக் காரணம் அதுதான்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படத்துக்கு இன்னும் ஒரு அளவீடு இருந்தால் லட்சணமாக இருக்கும் என்று உட்கார்ந்தார். கிளிப், மின்சாரம், பத்து நிமிஷம். அறுபத்துமூன்று. தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு, மிச்ச ஈஸ்ட்டை வைக்கலாம் என்று குளிர்பெட்டியைத் திறந்தார். அன்றைக்கு எடுத்து வைத்த ஈஸ்ட் குழாய் மூடி கழற்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கிண்ணத்தில் இருந்தது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

ஆக, மின்சாரம் பட்டுத் திணறியது சர்க்கரைத் தண்ணீர்.

இந்த இடத்தில் அவர் செய்ததை அவரே பின்னால் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அரை மணி நேரம், முழுசாக அரை மணி நேரம், தண்ணீருக்கும் உயிர் உண்டு என்று கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார். அடுத்த கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதினார். அதற்கப்புறம்தான் வெறுங் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். அறுபத்துநாலு. கிண்ணத்தை எடுத்துவிட்டு, மின்சாரமும் கொடுக்காமல், மூடியைத் திறந்து மட்டும் மூடிப் பார்த்தார். அறுபத்தைந்து.

கிளிப் மாட்டிவிட்டு மின்சாரம் கொடுக்காமல் ஒரு அளவீடு எடுக்க வேண்டும் என்பது முதலாண்டு மாணவிக்குத் தெரிந்த பாடம். அவரே வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். தன் பெட்டிக்கு மட்டும் 'அது எதற்கு, ஒரு நாள் வீண்' என்று விட்டிருந்தார்.

அறை விளக்கை அணைத்து, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மேல்மூடியைப் பாதி தூக்கி, பெட்டிக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. கண் பழகப் பழக, மூடியின் உட்பக்கம், வெடித்த கறுப்புப் பெயிண்ட்டின் இடுக்குகளில், மயிரிழை மயிரிழையாகப் பச்சை வெளிச்சம் தெரிந்தது. இழைகள் சேர்ந்து ஒரு வடிவம் ஆயிற்று. இரண்டு அங்குல உயரத்தில் ஒரு வேல்.

மோகன்குமாரின் கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "முருகா" என்று வாயும் சொல்லிவிட்டது. மூளை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. லாரிக்காரர்கள் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர். வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் மணிக்கணக்காகக் கக்குகிற வகை. மூடியைத் திறந்த போதெல்லாம் அது அறை வெளிச்சத்தைக் குடித்திருக்கிறது. மூடியதும் கக்கியிருக்கிறது. பெயிண்ட் வெடிக்க வெடிக்க அவருடைய கைத்திறன் மேம்பட்டிருக்கிறது.

துணிக்குள்ளேயே அழுகை வந்தது. ஜூன் மாதத்துக்குள் பட்டம் வாங்காதவர்கள் அடுத்த கல்வியாண்டில் வேலைக்கு வர வேண்டாம் என்று கல்லூரி நிர்வாகம் எழுதியே கொடுத்திருந்தது. அவருக்கு நாற்பத்துமூன்று வயது. ஈஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அதுவும் தெரியாது என்று இப்போது தெரிந்துவிட்டது.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. கோபத்துக்கு ஓர் ஆளும் கிடைத்தார். 'பெட்டியைச் செய்த பட்டறைக்காரரின் பொறுப்பற்ற செயலால்' என்று தொடங்கி ஒரு பக்கக் கடிதம் எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, மத்தியானமே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினார்.

செங்கோட்டையன் ஒரு டிப்பரின் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தார். "வாங்க சார். பெட்டி நல்லாருக்குதுங்களா?"

"உள்ளார எதுக்குங்க சாமி படம் ஒட்டினீங்க? ஒம்பது வருஷம் போச்சு!"

செங்கோட்டையன் பதறவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க சார், நீங்கதானுங்களே ஒட்டச் சொன்னீங்க?"

"நானா?"

"பெட்டி முடிஞ்சு நீங்க பாக்க வந்தன்னைக்குச் சூடம் பத்த வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கினோமில்லீங்க? அப்ப உள்ளார தலைய உட்டுப் பாத்தீங்க. நெம்ப இருட்டா இருக்குதுங்கண்ணா, சாமி ஒண்ணு உள்ளார இருக்கட்டும்னீங்க. கையில வேலு ஒண்ணு இருந்துச்சு, ஒட்டினேன். மக்யா நாளு விடிஞ்சதும் போன் பண்ணி, உள்ளார துளி வெளிச்சம் இருக்கப்படாதுன்னீங்க. அப்ப சாமியப் பிச்சு எறியட்டுங்களான்னு கேட்டேன். ஐயையோ, அது பாவம், மேல கறுப்ப அடிச்சுப் போடுங்கன்னீங்க. ரெண்டு கோட் அடிச்சேன்."

மோகன்குமாருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சூட வாசனைகூட வந்தது.

"எத்தன வருசம் நின்னுச்சுங்க அந்தக் கறுப்பு?" என்று செங்கோட்டையன் கேட்டார்.

"ஆறு."

"லாரிக்கே நாலு வருசந்தானுங்க நிக்கும்" என்றார் செங்கோட்டையன் கொஞ்சம் பெருமையாக.

திரும்பி வரும் பஸ்ஸில் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் படித்தார். நடை நன்றாகத்தான் இருந்தது. பட்டறைக்காரர் என்ற இடத்திலெல்லாம் ஆய்வாளர் என்று மாற்றினால் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல முடியாது. நாலாகக் கிழித்து ஜன்னல் வழியாகப் போடப் போனார். வெளியே பேனர் போய்க்கொண்டிருந்தது. காகிதத் துண்டுகளைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

கிருத்திகா ராசிபுரத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 'அடுத்த வருஷம் முடிஞ்சுரும்' என்பதை ஒன்பது தடவை கேட்டவள். அன்று சாயங்காலம் அவர் சொல்லி முடிக்கும்வரை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இத நீங்க வெளிய சொன்னா என்ன ஆகுமுங்க?"

"வேலை போயிரும்."

"சொல்லாட்டி?"

"டாக்டர் ஆயிருவேன். பெட்டிய வேற ஆரும் தொறக்கறதில்ல. ஸ்டிக்கரப் பிச்சுட்டா உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இல்லீங்க, சொல்லாமயே இருங்க, எனக்கொண்ணுமில்ல. ஆனா அந்த பேனர்ல எங்கண்ணன் உங்க தலையச் சுத்தி வெளிச்சம் போட்டிருக்குதில்ல? அது ஸ்டிக்கர் வெளிச்சம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சே. தினமும் அங்க நின்னுதான் பஸ் ஏறோணும். எப்பிடிச் சிரிக்காம நிக்கறது, சொல்லுங்க?" பிறகு அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாள்: "பயமாத்தான் இருக்குது. ஆனாப் பாத்துக்கலாமுங்க."

அன்றே சஞ்சிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். மறுநாள் செங்கோட்டையன் வந்தார். மண்ணெண்ணெய் தொட்டு, வேலுக்கு நோகாமல் விளிம்பு விளிம்பாகக் கிளப்பி எடுத்து, ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். கூலி வேண்டாமென்றார். ஒன்பது வருஷமாகச் சாமியை இருட்டில் அடைத்ததில் தனக்கும் பங்கு உண்டாம்.

மிச்சமிருந்த நாட்களில் மோகன்குமார் வாழ்க்கையில் முதன்முறையாக ஒழுங்காக அளந்தார். மூடியைத் திறந்து மின்சாரம் கொடுக்காமல் ஒரு தரம், கொடுத்து ஒரு தரம். கொதிக்க வைத்துக் கொன்ற ஈஸ்ட்டுக்கு ஒரு தரம். பழைய கைத்திறன் எல்லாம் ஸ்டிக்கரோடு போய்விட்டிருந்தது. மின்சாரம் இல்லாமல் எட்டு. செத்த ஈஸ்ட்டுக்கு மின்சாரம் கொடுத்தும் கொடுக்காமலும் இரண்டு. உயிருள்ள ஈஸ்ட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் பதினொன்று. முதல் தரம் பதினொன்று வந்தபோது அவர் எழுந்து போய் மூடியின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி எடுத்தார். பதினொன்று. ஆறு வருஷம் எட்டும் ஒன்பதுமாக வந்தது, மெல்ல ஏறுகிற அந்த மூன்றுக்குக் காத்திராமல் அவசரத்தில் ஐந்து நிமிஷம் மட்டும் எண்ணிவிட்டு எழுந்துபோனதால்தான் என்பதும் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு தரமும் மணிக்கணக்காக எண்ணினார். பதினெட்டு தடவை எடுத்தார்.

கூட்டத்துக்குத் தலைமை ஞானமேரி. சேலத்தில் பெரிய ஆய்வுக்கூடம் நடத்துகிறவர். அவர் கேள்வி கேட்ட கூட்டங்களிலிருந்து ஆட்கள் நேராகப் போய் வேறு துறையில் சேர்ந்ததாகச் சொல்வார்கள். முதல் வரிசையில் கல்லூரி முதல்வர். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செங்கோட்டையனும், பக்கத்தில் சால்வையோடு தமிழரசும். சால்வை யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

மோகன்குமார் முதலில் அறுபத்துமூன்றின் அழகான வளைகோட்டைத் திரையில் காட்டினார். தமிழரசு கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. பிறகு விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த அட்டையைத் தூக்கிப் பிடித்தார். இருட்டில் வேல் பச்சையாக நின்றது.

"இதுதானுங்க மேடம் நான் மூணு வருஷமா அளந்தது" என்றார்.

சபை சிரித்தது. விளக்கு வந்தபோது ஞானமேரி சிரிக்காமல் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். "இதைப் பெட்டிக்குள்ளே யார் ஒட்டினது?"

முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டறைக்காரர் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அது பொய்யும் அல்ல. ஒட்டிய கை அவருடையதுதான். கடைசி வரிசையில் செங்கோட்டையன் தலையைக் குனிந்து கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகன்குமார் அட்டையை மேசைமேல் வைத்தார்.

"நான்தானுங்க மேடம். ஒட்டச் சொன்னது நான். அப்புறம் அதும்மேல கறுப்பு அடிக்கச் சொன்னதும் நான்தான். மறந்துபோனேன்."

"வெளிச்சம் இருக்கக் கூடாத பெட்டிக்குள்ள இதை எதுக்கு ஒட்டச் சொன்னீங்க?"

"இருட்டா இருந்துச்சுங்க மேடம்."

இந்தமுறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மோகன்குமாரும் சிரித்துவிட்டார். அதன் பிறகு பதினொன்றைக் காட்டினார். அதைக் காட்டுவதற்கு விளக்கணைக்க வேண்டிய அவசியமில்லை. எந்த இருட்டிலும் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது.

ஞானமேரி அந்தப் படத்தை மட்டும் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். "செத்த செல்லுல ஒரு தரமாவது கூடுச்சா?"

"இல்லீங்க மேடம்."

"உயிருள்ளதுல ஒரு தரமாவது கூடாம இருந்துச்சா?"

"இல்லீங்க."

"பதினெட்டு தடவை போதாது. அறுபது வேணும். உங்க பதிவை ஆறு மாசம் நீட்டிக்க எழுதறேன்." பேனாவை மூடிவிட்டு, "மூணுதான் கூடியிருக்கு, ஆனா இது நிஜமா இருக்கும்னு தோணுது" என்றார்.

ஆறு மாதம் என்றால் டிசம்பர். கல்லூரியின் கெடு ஜூன். முதல்வர் வெளியே வரும்போது மோகன்குமாரின் தோளைத் தட்டினார். வேலை போய்விட்டது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பெட்டியைத் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள ஞானமேரி இடம் கொடுத்தார். சம்பளம் கிடையாது.

தமிழரசு சால்வையை மடித்தபடி வந்தார். மோகன்குமாரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். பேனர எடுத்துருங்க. அவ்வளவு வெளிச்சமெல்லாம் இல்ல. மூணுதான்."

"மூணு வருதில்ல?"

"வருது."

"மாப்ள, நானு எண்ணூறு அடி ஓட்டிப்போட்டு, வெறும் புழுதியா வந்து, ஊட்டுக்காரர் மூஞ்சியப் பாக்க முடியாம பைப்ப உருவிட்டுப் போன ஊரு எத்தனையோ இருக்குது. புழுதின்னா புழுதின்னுதான் சொல்லோணும், பக்கத்துக் கெணத்துத் தண்ணிய ஊத்திக் காட்டப்படாது. ஆனா மூணு கொடம் தண்ணி வந்தாலும் தண்ணி வந்துச்சுன்னுதான் சொல்லுவேன்." சால்வையை உதறி அவர் தோளில் போட்டார். "பேனர நான் எடுக்க மாட்டேன். செங்கோட்டையண்ணே, நீங்க கொஞ்சம் வண்டியில ஏறுங்க."

மறுநாள் காலை பெட்டியை ஏற்றிய மினி லாரி சேலத்துக்குப் புறப்பட்டது. மோகன்குமார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெண்ணந்தூர் நிறுத்தத்தில் கிருத்திகா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு மேலே கை காட்டினாள். பேனர் அப்படியேதான் இருந்தது, இல்லாத முடியோடு. தலையைச் சுற்றியிருந்த கதிர்களை மட்டும் யாரோ கறுப்புப் பெயிண்ட்டால் அடித்திருந்தார்கள், மூன்றை விட்டுவிட்டு.

மோகன்குமார் லாரியை நிறுத்தச் சொல்லிக் கிட்டே போய்ப் பார்த்தார். இரண்டு கோட் அடித்திருந்தது.